பச்சோந்திக்குப் பிடித்த கலியாண லைற்

பச்சோந்தி பச்சையாக இருந்தால் சுகமாக இருக்கிறது, வெளிறினால் அதற்குக் குளிருகிறது என்று நம்பிய மடையன் நான். அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்றும் என்னிடம் இருந்தது: வெளிச்சத்தைப் பற்றி எனக்கு எவனும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற நினைப்பு.

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் நடந்த கலியாணங்களுக்கும் பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்திய வீடுகளுக்கும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஆயிரம் வாட் லைற்றின் முன்னால் மணவறைப் பொம்பிளையின் பவுடர் வழியும், ஐயர் கண்ணைக் கசக்கியபடியே மந்திரம் சொல்லுவார். அதையெல்லாம் என் கலைத்திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

ஒரு ஜனவரியில் மோர்னிங்சைட்டில் இருந்த என் கூட்டாளி, ஒரு கிழமைக்கு மொன்றியல் போகிறான் என்று தன் பச்சோந்தியை எங்கள் அப்பார்ட்மென்ற்றில் கொண்டுவந்து வைத்தான். கலியாணம் கட்டாதவன், பிள்ளை மாதிரி அதை வளர்த்தான். வலைக்கூடு, அதன்மேல் வெயிலுக்குப் பதிலாக ஒரு நீளமான ரியூப் லைற், சூட்டுக்கு ஒரு சின்னப் பல்ப். எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டிவிட்டு ஒரு பேப்பரை நீட்டினான்.

“பகலிலதான் லைற். பொழுதுபட்டா எல்லாத்தையும் நிப்பாட்டு. பல்ப்பைக் கிட்டக் கொண்டுபோகாதை. உது சூடு கூடினாலும் செத்துப்போம், குறைஞ்சாலும் செத்துப்போம். விளங்கிச்சோ?”

“போடா. ஆயிரம் வாட் பிடிக்கிறவனுக்கு அறுபது வாட்டில பாடமோ?”

பேப்பரை ஒருக்கால் பார்த்துவிட்டு டீவிக்கு மேல் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை பச்சோந்தியின் தலையில் கோதுமை மா தூவியதுபோல வெள்ளைத் திட்டுகள். மத்தியானத்துக்குள் முதுகிலும் வந்துவிட்டன. பல்கனியில் முழங்கால் அளவுக்குப் பனி. வேறென்ன, பிராணி விறைக்கிறது என்று தீர்மானித்தேன். அந்தச் சின்னப் பல்ப்பைப் பார்க்கவே எனக்கு இளக்காரமாக இருந்தது. வீடியோ லைற்றை ஸ்ராண்டோடு தூக்கிவந்து, கூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துச் சுவிச்சைப் போட்டேன்.

வரவேற்பறை கலியாண மண்டபமானது. பச்சோந்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணை என் பக்கம் உருட்டியது. நன்றி சொல்லுகிறது என்று நினைத்தேன். பிறகு இன்னும் வெளிறியது. வாயைத் திறந்தது. பசியாக்கும் என்று, கூட்டாளி தீனிக்குத் தந்துவிட்டுப்போன வெட்டுக்கிளிகளில் ஒன்றை உள்ளே விட்டேன். வெட்டுக்கிளி நேரே ஓடிப்போய் இலையின் நிழலுக்குள் புகுந்துகொண்டது. அந்த அறையில் மூளையுள்ள சீவன் அது ஒன்றுதான்.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி வந்தாள். “இஞ்சருங்கோ, ஓணானுக்குக் கலியாணமோ நடக்குது?”

“அதுக்குக் குளிருதப்பா.”

“குளிருற சீவன் உப்பிடி வாயைப் பிளந்துகொண்டு நிக்குமோ? வெக்கையில மூச்சு இழுக்குது. நிப்பாட்டுங்கோ முதல்ல!”

அணைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதறிப்போய்ப் பல்கனிக் கதவை அகலத் திறந்தேன். குளிர் பாய்ந்து வந்ததும் பச்சோந்தி கரிக்கட்டைபோலக் கறுத்தது. கதவை அடித்துச் சாத்தினேன். சுவிச்சுக்கு மறுபடி கை போனது. மனைவி என் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். கனடாவின் கோடையையும் மாரியையும் ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பாவத்துக்குக் காட்டி முடித்திருந்தேன். “செத்துப்போச்சுதெண்டால் அவனுக்கு என்ன சொல்லுவன், என்ன சொல்லுவன்” என்று நான் புலம்ப, அவள் இலைகளில் தண்ணீர் தெளித்துவிட்டு மொன்றியலுக்குப் போன் அடித்து என்னிடம் தந்தாள்.

“வெள்ளை வெள்ளையா, தலையிலயோ?” நான் சொல்லி முடிக்கமுன்னம் கூட்டாளி கேட்டான்.

“ஓம்.”

“தோலுரிக்குதடா, விசரா! பேப்பரின்ரை மற்றப் பக்கத்தில எழுதியிருந்தனான்.”

பேப்பருக்கு மற்றப் பக்கம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“உயிரோட இருக்கோ?”

“ஓம்.”

“நீ இனித் தொடாதை. போனை அவவிட்டைக் குடு.”

மிச்ச நாட்கள் மனைவி பார்த்துக்கொண்டாள். சின்னப் பல்ப்தான் எரிந்தது. இரண்டு நாளில் தோல் முழுவதும் உரிந்து, தளிர்போலப் பச்சையாக வந்தது. ஆனால் என் லைற்றின் பக்கமாக இருந்த விலாவில் ஒரு பெருவிரல் அளவுக்குச் சூட்டுக்காயம். கூட்டாளி வந்து அதைக் கண்டான். கூட்டைப் போர்வையால் சுற்றிக் காருக்குக் கொண்டுபோனான்.

பச்சோந்தி பிழைத்தது. காயம்பட்ட இடம் கடைசிவரை கறுப்பாகவே இருந்தது.