முசுறு திருடியவள்

மயிலாளைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். வேறு வழி? ஊரே அப்படித்தான் சொல்கிறது. என் கொழுந்தன் மனைவி. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரே முகூர்த்தத்தில் இருவரும் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தோம். மாமியார் ஆளுக்கொரு மாங்கன்று நடச் சொன்னார். ஒரே கம்பெனியில் எதிரெதிரே உட்கார்ந்து பனியன் மடித்தோம். அவள் மரம் மட்டும் கிளை ஒடியக் காய்த்தது. என் மரத்தில் வந்த நாலு காயிலும் புழு.

"மயிலா கைராசி!" என்பார் மாமியார். எனக்கு வயிறு பற்றி எரியும். ஒரு வருஷமாவது அந்த வாயால் "செல்லாத்தா கைராசி" என்று கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ரகசியம் முசுறுதான். இலைகளைச் சேர்த்து இழையால் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. புழு பூச்சியை அண்டவிடாது. கடிக்கிறதே என்று நான் முதல் வருஷமே பந்தம் காட்டி விரட்டினேன். அவள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு அதனோடு பழகினாள். சமர்த்து!

அறுபத்து நாலாம் வருஷச் சித்திரையில், அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவள் மரத்தில் மூன்று கூடுகளை அறுத்தேன். கம்பெனியில் கழித்துப்போட்ட வேஸ்ட் துணியில் கட்டி என் கிளையில் தொங்கவிட்டேன்.

பத்து நாளில் கோடை மழை. மழை விட்ட மூன்றாம் நாள் மயிலாளே ஓடி வந்தாள்.

"அக்கா, இங்க வாங்க! உங்க மரத்துல ராணி எறங்கியிருக்குதுங்க!"

என் மரத்தின் தாழ்ந்த கிளையில், இலைக்கடியில், பச்சை ஓடிய பெரிய எறும்பு. இறக்கையை உதிர்த்துவிட்டு வெள்ளை முட்டைகளோடு ஒட்டிக் கிடந்தது.

"ஒண்டியாவே முட்ட வெச்சு, வளத்து, புதுக் குடும்பம் பண்ணிக்குமுங்க. யாரும் கொண்டாந்து உடல, தானா வந்திருக்குது. உங்க கைராசிங்க, அக்கா."

அடி ஆத்தா! நெஞ்சு நிறைந்துபோயிற்று. விடிந்ததும் மாமியாரை இழுத்துக்கொண்டு போனேன். மயிலாளும் வந்தாள்.

நான் திருடி வந்த முசுறுகள் அந்த ராணியை ஆளுக்கொரு காலாகப் பிடித்து இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தன. வேற்றுக் கூட்டத்து ராணியை விட்டுவைக்குமா? முட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. மயிலாள் மேலே பார்த்தாள். அங்கே வேஸ்ட் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த முசுறுகளும் தங்களுக்கென்று ராணி இல்லாமல் ஆடிக்குள் அழிந்தன.

அடுத்த கோடை மழைக்கு, தன் வேலியில் இறங்கிய ராணி ஒன்றை இலையோடு ஏந்தி வந்து என் மரத்தில் வைத்தாள் மயிலாள்.

"இருக்கட்டுங்க, அக்கா. இந்தத் தடவ வேற எதையும் கொண்டாந்து உட்றாதீங்க."

இரண்டு வருஷத்தில் என் மரமும் காய்த்தது, கிளைக்கு முட்டுக் கொடுக்கும் அளவுக்கு. முதல் பழத்தை நானே அறுத்து மாமியாருக்குக் கொடுத்தேன். கண்ணை மூடிச் சப்பிச் சாப்பிட்டார்.

"என்ன இனிப்பு! மயிலா கொண்டாந்து வெச்ச ராணியல்ல? அவ கைராசி சும்மாவா?"