ஒன்பது பார்

என் தங்கை புருஷனை நினைத்தால் முகம் அப்புறம்தான் வரும். முதலில் வருவது அவருடைய இடது கை. அது கம்ப்யூட்டர் கீபோர்டின் மேல் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டே வந்து, வரி முடிந்ததும் வலக்கோடிக்குப் போகும். அங்கே கட்டைவிரலால் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு சுட்டுவிரலால் ஒரு செங்குத்துக் கோட்டைத் தட்டும். பிறகு அடுத்த வரிக்குத் திரும்பி வரும். வலது கை மடியில் கிடக்கும். ஸ்ட்ரோக் வந்து அந்தக் கை போன பிறகு, அரியாங்குப்பத்து வீட்டில் ஜன்னலோரம் அவர் இப்படி உட்கார்ந்திருப்பதை ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்தேன். பார்க்கிற எனக்குத்தான் பொறுமை போகும். நெல்லித்தோப்பில் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவன் என்ற திமிர் எனக்கு உண்டு. "எதுக்கு மாப்ள இந்தக் கோடு? அது இல்லாமலே ஓடுதே" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஓடும் மச்சான். ஆனா தப்பு எங்கன்னு சொல்லாது" என்றார்.

அவர் எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷம் ஆர்கன் வாசித்தவர். பார்சல் ஆபீஸில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆர்கன், ஆண்களின் மேல்குரலான டெனரும் நன்றாகப் பாடுவார். ஒரு காலையில் பல் துலக்கும்போது விழுந்தார். எழுந்தபோது வலப்பக்கம் வரவில்லை, பேச்சு குழறியது, பாட்டு சுத்தமாகப் போய்விட்டது. கோயிலில் ஆர்கனுக்கு வேறு ஒருவர் வந்தார். அது நியாயம்தான், பூசை நிற்குமா. ஆனால் அந்த முதல் ஞாயிறு இவர் கோயிலுக்கு வர மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதை என் தங்கை என்னிடம் சொல்லி அழுதாள்.

பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்த பழைய பாடகர் குழு நண்பர் ஒருவர்தான் அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்தார். இலவசம். அதில் ஐந்து கோடு போட்டு சுரப்புள்ளி வைக்கிற வேலை கிடையாது, மவுஸ் கூட வேண்டாம். கடிதம் அடிக்கிற மாதிரி எழுத்தில் அடிக்க வேண்டும். எங்கள் ஊர் கோயில் பிள்ளைகள் சுரத்தை தோ, ரே, மி என்றுதான் கற்றுக்கொண்டோம். அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, பக்கத்தில் நீளத்துக்கு ஒரு எண் போட்டால் போதும். நாலு குரலையும் தனித்தனியாக, வார்த்தைகளை வேறு இடத்தில் அடித்து, கடைசியில் ஓடவிட்டால், அச்சுப் புத்தகம் மாதிரி இசைத்தாள் வந்து நிற்கும். கேட்கவும் செய்யலாம். ஒரு கைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். அவர் சின்னப் பிள்ளை போல ஆகிவிட்டார்.

பெரிய வெள்ளிக்கு ஒரு பாட்டு எழுத ஆரம்பித்தார். அன்றைக்கு எங்களுக்கு வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். சிலுவையடியில் தாய் நிற்கிற இடத்தில் மற்ற மூன்று குரல்களும் வாயை மூடி முனக, டெனர் மட்டும் தனியாக எழும். தாளத்தின் ஒரு சுற்றை நாங்கள் பார் என்போம். அந்தத் தனிப்பாடல் ஒன்பது பார். தான் பாடியிருக்க வேண்டியதை அதில் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை என்றாலும். "இந்த வருஷம் நம்ம கோயில்ல இதத்தான் பாடணும் மச்சான். நான் பெஞ்சுல ஒக்காந்து கேக்கணும்" என்பார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. முடியாத பாட்டைப் பேப்பரில் எடுக்கக்கூடாது என்று ஒரு பிடிவாதம் வேறு. ஹெட்போனில் கேட்டுக்கொண்டு தனக்குத்தானே சிரிப்பார். யாருக்கும் தர மாட்டார்.

அவருக்குச் சில பழக்கங்கள் உண்டு. ஒரு பாருக்கு ஒரு வரி, முடிவில் அந்தக் கோடு. கோடு இருந்தால், பாரில் அளவு கூடினாலும் குறைந்தாலும் சாஃப்ட்வேர் அந்த இடத்தைச் சொல்லிவிடும். தினமும் எழுந்ததும் நேற்றைய ஃபைலை அப்படியே வைத்துவிட்டு, புது எண் போட்டு இன்னொன்றாகச் சேமித்துத்தான் தொடங்குவார். தப்பு எங்கே என்று தெரியாவிட்டால் பாதியை மறைத்து ஓடவிடுவார்; ஓடினால் தப்பு மறைத்த பாதியில், ஓடாவிட்டால் மீதியில். பிறகு அதில் பாதி, அதிலும் பாதி. மறைப்பதற்கு வரியின் முன்னால் ஒரு சதவீதக் குறி போட்டால் போதும், அந்த வரி சாஃப்ட்வேர் கண்ணுக்குப் படாது. நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று வரிகளை டிலீட் செய்வேன். பதறுவார். "அழிக்காதீங்க மச்சான். மூடி வைங்க, அப்புறம் தொறந்துக்கலாம்" என்பார். அழித்ததைத் திருப்பிக் கொண்டுவரக் கன்ட்ரோல் இஸட் எதுக்கு இருக்கு என்று நான் சிரிப்பேன்.

கிறிஸ்துமஸ் சமயம் லேப்டாப் நகரவே இல்லை, இடம் நிரம்பிவிட்டது. நான் பார்த்தேன். ஒரே பாட்டுக்குத் தொண்ணூறு சொச்சம் ஃபைல், ஒவ்வொன்றுக்கும் இசைத்தாளும் ஒலியும் வேறு. குப்பைத்தொட்டி மாதிரி இருந்தது. கடைசி ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு, "இனிமே ஒண்ணு போதும் மாப்ள, வண்டி பறக்கும் பாருங்க" என்றேன். அவர் மிஞ்சியிருந்த அந்த ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தார். "சரி வுடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் எண் போடவில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை எனக்கு அன்று பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு.

தவக்காலத்தில் பாட்டு முடிந்தது. முடித்த மறுநாளே மறுபடி விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் இன்னும் கோணியிருந்தது, ஆனால் சொல்வது புரிந்தது. "ஃபைல ஓட்டிப் பேப்பர் எடுத்துக் கொயர்ல குடுத்துடுங்க மச்சான். நாள் இல்ல" என்றார். அன்று மத்தியானமே தங்கை வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். ஓடவிட்டால் எரர். எங்கேயோ ஒரு அடைப்புக்குறி மூடவில்லை. அது ஒரு வரி எண்ணைக் காட்டியது. அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. தப்பு ஓரிடம், அது முட்டி நிற்கிற இடம் வேறிடம். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடையில் ஒரு போஸ்டர் காத்திருந்தது, எனக்கு எரிச்சல். சதவீதக் குறி போடப் பொறுமை இல்லாமல் என் வழக்கப்படி வரிகளைத் தூக்கினேன், சேமித்தேன், ஓட்டினேன், திரும்பக் கொண்டுவந்தேன். சேமிக்காமல் அது ஓடாது. டெனர் பகுதியில் ஒரு கொத்தைத் தூக்கி ஓட்டியபோது ஓடிவிட்டது. சபாஷ், பிடித்துவிட்டேன் என்று நினைத்த அந்த நிமிஷம் கரண்ட் போனது. அந்த லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கரண்ட் வந்து திறந்தால், தூக்கிய வரிகள் இல்லாமல் சேமித்த ஃபைல்தான் இருந்தது. அணைந்து எழுந்த பிறகு கன்ட்ரோல் இஸட் பலிக்காது, திரும்பக் கொண்டுவர வழியில்லை. முன்பு வந்த இசைத்தாளின் மேலேயே புதியது எழுதியாகிவிட்டது, ஒலியும் அப்படியே. எத்தனை வரி போனது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஓடியது, ஒரு எரரும் இல்லை. ஓடுகிறதே, பெரிதாக ஒன்றும் போயிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேப்பர் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. டெனர் பாடுகிற தம்பிக்குப் பெரிய மார்க்கெட்டில் பூக்கடை, நல்ல காது. நடுவில் நிறுத்திவிட்டான். "ண்ணா, இங்க வார்த்த எல்லாம் தள்ளிப் போயிருக்கு. தனியா பாடற எடமே காணோம். மத்தவங்க மொணகறாங்க, நான் இன்னா பண்றது?" எண்ணிப் பார்த்தோம். சரியாக ஒன்பது பார். நான் அடிக்குரலான பேஸ் பாடுகிறவன், வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "ப்ரிண்ட்ல வுட்டுப் போச்சு, எடுத்தாறேன்" என்று வாய்கூசாமல் சொன்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நோட்டும் பென்சிலும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெளிவான நாள் அது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் அந்த ஒன்பது பாரையும் தோ ரே மி என்று வரிசையாகச் சொல்லியிருப்பார். வாய் குழறினாலும் இடது கை விரலால் போர்வையில் தாளம் காட்டியிருப்பார். பத்து நிமிஷ வேலை. தங்கை பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வரும்: நான் அழித்தது, அதற்கு முன் தொண்ணூறு ஃபைலை அழித்தது, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னது. "ஓடுச்சா மச்சான்?" என்றார். ஓடியது என்றேன். "எரர்?" இல்லை என்றேன். "தனியா வருமே, அந்த எடம்? தம்பி பாடனானா?" நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "பிரமாதமா பாடனான் மாப்ள" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. தங்கை முந்தானையால் துடைத்தாள். வீட்டுக்கு வரட்டும், தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை விடியும்போது ஃபோன் வந்தது.

அவருடைய கண்ணீர் அஞ்சலியை நான்தான் அடித்தேன். வேறு கடைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அரியாங்குப்பத்துக்குப் போய், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மற்ற மூன்று குரல்களின் முனகலை ஓடவிட்டு ஓடவிட்டுக் கேட்டேன். வார்த்தைகள் இருந்தன, முனகல் இருந்தது, நடுவில் இருந்தவர் இல்லை. அவர் எப்போதோ வாய்க்குள் முணுமுணுத்தது ஏதாவது ஞாபகம் வருமா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. இடது கையால் அடித்தால் வருமோ என்று அதையும் செய்து பார்த்தேன், கூத்து. கடைசியில் அந்த முனகலுக்கு ஒத்துப்போகிற மாதிரி, தவக்காலத்தில் ஒப்பாரி போலப் பாடுகிற பழைய பிரலாப மெட்டுகளின் சாயலில் ஒன்பது வரி நானே அடித்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் கோடு போட்டேன். மேலே ஒரு சதவீதக் குறி போட்டு, 'இது நான் எழுதியது' என்று அடித்தேன். சாஃப்ட்வேர் அதைப் படிக்காது, ஆனால் திறந்து பார்க்கிறவர்கள் படிப்பார்கள். பிறகு அந்த வரியையும் அழித்தேன்.

அந்தப் பெரிய வெள்ளியில் தம்பி அதைப் பாடினான். முன்வரிசையில் வெள்ளைப் புடவையில் இருந்த என் தங்கை, முனகல் தொடங்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தனிப்பாடல் எழுந்ததும் உடைந்துபோனாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த எடத்துலதாண்ணா அவரு கொரலு கேட்டுச்சு எனக்கு. மத்ததெல்லாம் பாட்டு. அது அவரு" என்றாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி தெரிந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்துவரப் போனேன். இன்றைக்கும் வருஷா வருஷம் அதைப் பாடுகிறார்கள். பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்தும் வந்து தாள் வாங்கிப் போகிறார்கள், மேலே அவர் பெயர் இருக்கிறது. எங்கள் வரிசையில் நின்று நானும் முனகுகிறேன். அந்த ஒன்பது பார் வரும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருதி இறங்கிவிடுகிறது. வயசாயிடுச்சு என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தங்கை கல்லறையை எடுத்துக் கட்டினாள். சிமென்ட்டை உடைத்துவிட்டுக் கறுப்பு கிரானைட். பெயருக்குக் கீழே பைபிள் வசனம் வேண்டாம், அவர் எழுதிய பாட்டையே வெட்ட வேண்டும் என்றாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஒன்பது பாரையும் கல்லின் அகலத்துக்கு இரண்டு வரியாக வடிவமைத்து, பிலிமில் அச்செடுத்துக்கொண்டு இருவரும் கல்பட்டறைக்குப் போனோம். கல் வெட்டுகிறவருக்கு இந்தப் புள்ளிகளும் கோடுகளும் புதிது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது சார். நீங்கதான் பாத்து சொல்லணும். கல்லுல வெட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது. எல்லாம் அவரு எழுதன மாதிரியே இருக்குதா?" என்றார். தங்கை என் பக்கம் திரும்பிப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"இருக்குது, வெட்டுங்க" என்றேன்.