மணி அடித்த பிறகு

வவுனியாவில் நடந்த செயலமர்வில், மேசை மாறுவதற்கான மணி அடித்தது. என் பக்கத்தில் இருந்த பெண் வரைவதை நிறுத்தவில்லை. நடத்தியவர், "முடிச்சிட்டு வாங்கோ, அவசரமில்லை" என்றார்.

தொண்ணூற்றேழில், தர்மபுரத்தில், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காக மரத்தடியில் நான்கு பாய்கள் விரித்திருந்தார்கள்: களிமண், ஓவியம், பாட்டு, நாடகம். தண்டவாளத் துண்டில் தட்டும் சத்தம் கேட்டதும் குழுக்கள் பாய் மாற வேண்டும். களிமண் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு குழு செய்ததை அடுத்த குழு பிசைந்து எடுத்துக்கொள்ளும். எங்கள் குழுத் தலைவி நான். எனக்குப் பத்து வயது.

முல்லைத்தீவிலிருந்து வந்த மெற்றில்டா ஒரு வள்ளம் செய்திருந்தாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எழும்படி, பிந்தினா எனக்குத்தான் ஏச்சு விழும்."

"கொஞ்சம் பொறு. அப்பாவை இன்னும் வள்ளத்தில வைக்கேல்லை."

"பெரிய சிற்பி! நாளைக்கு வைக்கலாம், வா."

கையைப் பிடித்து இழுத்துப்போனேன். பாட்டுப் பாயிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தபோது, அடுத்த குழு வள்ளத்தைப் பிசைந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை. பாடவும் இல்லை. மறுநாள் அவளுடைய குடும்பம் வேறிடம் போய்விட்டது.

வவுனியாவில் அந்தப் பெண் ஆறுதலாக வரைந்து முடித்தாள். எல்லோரும் காத்திருந்தோம். இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை.