அப்பா தப்பு செய்தால் கன்பூசியஸ் என்ன சொல்வார்?

போன வாரம் பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெரிய சண்டை!

சண்டை ஒரு டிவி சீரியலைப் பற்றி.

மகளை டாக்டராக்குவதற்காகப் போலி மாத்திரை தயாரிக்கும் ஒரு மெடிக்கல் ஷாப்காரர்தான் அதில் ஹீரோ. வில்லனும் அவரே. விஷயம் மகளுக்குத் தெரிந்துவிட்டது. போலீஸில் சொல்வாளா மாட்டாளா என்ற இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள்.

நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் லேபிள் செக்கிங் பார்க்கிறேன். தபாலில் எம்.ஏ. தத்துவமும் படிக்கிறேன். (ஏன் என்று எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது!) இந்த செமஸ்டரில் கன்பூசியஸ். அசைன்மெண்டுக்கு இந்த ஹீரோவையே எடுத்துக்கொண்டேன்.

அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

“கன்பூசியஸ்ட்ட கேட்டா, மக காட்டிக்குடுக்க வேணாம்னுதான் சொல்லுவாரு” என்றேன்.

“அது யாருடி, புது டைரக்டரா?” என்றாள் எதிரே இருந்த செல்வி.

“சீனாவுல ரொம்பக் காலத்துக்கு முந்தி இருந்தவரு. அப்பன் தப்பு செஞ்சா மக ஊரக் கூட்டக் கூடாது. ஆனா சும்மாவும் இருக்கக் கூடாது. மரியாத கொறையாம அப்பன்ட்ட எடுத்துச் சொல்லணும். கேக்கலன்னா திரும்பச் சொல்லணும். கோவிச்சாலும் சொல்லணும்.”

“குடும்பத்துக்காகத்தான செய்யுறான். அது தப்பா?”

“அப்பன்னு பேரு இருந்தாப் பத்தாது, அப்பனா நடக்கணும்பாரு. அந்த மாத்திரைய முழுங்குறதும் யாரோ பெத்த பிள்ளதான?”

செல்வி விடவில்லை. ஆனால் முருகேஸ்வரி அக்கா பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். தாயில்பட்டியிலிருந்து வருகிறவர், மூன்று வருடமாக எனக்கு அடுத்த மேஜை. கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏ பிள்ள, எம்புட்டுத் தடவ சொல்லணும்?”

“எதக்கா?”

“எங்கப்பா வீட்டுல வச்சு வெடி சுத்துறாக. மருந்து உள் ரூம்புலதான் இருக்கு. என் ரெண்டு பிள்ளைகளும் அங்கனதான் படுக்குதுக.”

(வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. வீட்டில் வைத்து வெடி சுற்றுவது சட்டப்படி குற்றம்.)

திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அசைன்மெண்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். சொல்லி முடிப்பதற்குள் வெடித்துவிட்டால்?

“அக்கா, சொல்றத அப்புறம் சொல்லுங்க. மொதல்ல பிள்ளைகள இன்னைக்கே ஆமத்தூருக்கு எங்க வீட்டுக்குக் கூட்டியாங்க. நாலு நாள் பாப்போம். அப்பா கேக்கலன்னா, கன்பூசியஸ் கோவிச்சாலும் பரவால்ல, நானே சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல போய்ச் சொல்லிருவேன்.”

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “சரி” என்றார்.

அன்று சாயங்காலமே இரண்டு பிள்ளைகளும் ஸ்கூல் பையோடு வந்துவிட்டன. அக்கா மட்டும் அப்பாவோடு இருந்தார்.

மறுநாள் கேட்டேன். “எனக்கே புத்தி சொல்றியான்னு தட்டத் தள்ளிவிட்டுட்டாக.”

அதற்கு மறுநாள். “பேச்சே இல்ல.”

மூன்றாம் நாள் அக்காவின் கண் வீங்கியிருந்தது. “சாப்பாடு போட்டுட்டுத் திரும்பச் சொன்னேன். ‘உங்கள நான் காட்டிக்குடுக்க மாட்டேம்ப்பா. ஆனா இது இருக்குற வரைக்கும் பிள்ளைகள இங்கன கூட்டியார மாட்டேன்’னு. எந்திரிச்சுப் போயிட்டாக.”

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரியவர், கையில் சேவுப் பொட்டலம்! பிள்ளைகள் “தாத்தா!” என்று ஓடின.

“மருந்து குடுத்தவன்ட்டயே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன் தாயி. இனிமே பட்டாசுக் கம்பெனி வேலைக்கே போறேன். பிள்ளைகள அனுப்பு” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு போன் போட்டேன். “நெசந்தான் பிள்ள! ரூம்பே காலியா இருக்கு” என்று அழுதார். நானும் அழுதேன்.

சந்தோஷமாக அசைன்மெண்டை முடிக்க உட்கார்ந்தேன். முடியவில்லை.

அக்கா வீட்டை ஒட்டி, ஒரே சுவரில், இன்னொரு குடும்பம் இருக்கிறது. அந்த நாலு நாளும் அந்த வீட்டுப் பிள்ளைகள் வழக்கம்போல அங்கேயேதான் தூங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நானும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

நீங்களாக இருந்தால் அந்த நாலு நாள் காத்திருப்பீர்களா?