செருப்புக்காரனின் சொந்தச் செருப்பு

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பதினெட்டு வருடமாகச் செருப்பு விற்கிறேன். அப்பேர்ப்பட்டவன் ஜும்மா தொழுகை முடிந்து, இரண்டு வெள்ளிக்கிழமை தொடர்ந்து அடுத்தவர் செருப்பில் வீடு வந்து சேர்ந்தேன்.

"இதுவும் உங்களுது இல்லீங்க. போன வாரம் மறதின்னு வுட்டுட்டேன். இது வியாதி," என்றாள் மனைவி. "மூணாவது வாட்டியும் இப்டி வந்தீங்கன்னா வெள்ளிமலை சந்தைக்கு வண்டிய எடுக்கக் கூடாது. மலை ரோட்ல வழி மறந்துட்டா இன்னா பண்றது?"

சந்தை எனக்கு வியாபாரம் மட்டுமில்லை. கடுக்காய் மரங்களுக்கு நடுவே, யாரும் கேள்வி கேட்காமல் வண்டி ஓட்டும் நாள். அது போய்விடுமே என்று பயந்தேன். என் அப்பா பெயர் என்ன என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். சரியாகச் சொன்னேன். இருந்தும் நம்பவில்லை; விடை முன்பே தெரிந்த கேள்வி.

அன்று மாலையே பரீட்சை. மனைவி தாம்பாளத்தில் பத்துச் சாமான் பரப்பி, பத்து எண்ணும்வரை காட்டி, துண்டால் மூடி, ஒன்றை உருவினாள். பிறகு துண்டை விலக்கினாள்.

"இன்னா இல்ல?"

"கரண்டி."

கரண்டி என் மூக்குக்கு நேரே கிடந்தது. காணாமல் போனது என் கடைச் சாவி.

"நல்லா இருக்குது," என்றாள்.

மறுநாள் பள்ளிவாசலுக்குப் போய் என் செருப்பை மாற்றிக்கொண்டு வந்து, கடையில் யோசித்தேன். எந்த நம்பர் செருப்பு எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிச் சொல்பவன் நான். தாம்பாளத்தையும் அலமாரியாக்கினால் என்ன? மேலே மூன்று, நடுவில் நான்கு, கீழே மூன்று. வியாழனுக்குள் அவள் இரண்டு சாமானை இடம் மாற்றினாலும் பிடித்தேன்.

"துணி வழியா பாக்குறீங்க," என்று துண்டை இரண்டாக மடித்துப் போட்டாள். அதற்கும் அசரவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் என் செருப்பை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். இடது வாரில் மனைவி போட்ட கறுப்புத் தையல், நான்கு. இரண்டாம் வரிசை, பக்கத்தில் யாருடையதோ பச்சை ரப்பர் செருப்பு. ராஜா மாதிரி உள்ளே போனேன்.

வெளியே வந்தால் மழை. யாரோ புண்ணியவான் எல்லாச் செருப்பையும் நனையாமல் கூரைக்குக் கீழே அள்ளித் தள்ளியிருந்தார். வரிசையும் இல்லை, பச்சையும் இல்லை. குவியலைக் கிளறினால் என்னுடையதைப் போலவே பிரவுன், அதே நம்பர், ஆறு ஜோடி! எல்லாம் பெருநாளுக்கு நானே விற்றவை. நான்கு கறுப்புத் தையலைத் தேடி எடுத்து மாட்டினேன்.

வீட்டில் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு ஜோடிக் கதையைச் சொன்னேன்.

"ஊருக்கே ஒரே செருப்ப மாட்டிவுட்டுட்டு, மூளைய திட்டிக்கினு இருந்தீங்களா?" வண்டிச் சாவியை நீட்டினாள். "சந்தைக்குப் போய்ட்டு வாங்க. அந்த பிரவுன மட்டும் விக்க எடுத்துக்கினு போவாதீங்க. அங்க கோயில் வாசல்ல எத்தினி பேரு மறதி வியாதின்னு பயந்து சாவாங்களோ!"