ஜெராம் பெண் கேட்ட ‘செரி’

புகைமூட்ட நாட்களில் கோலசிலாங்கூர் வெயிலுக்கே ஒரு கருகல் வாசனை வந்துவிடும்; எனக்குப் பன்னிரண்டு வயதில், மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்குப் புக்கிட் ரோத்தானிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போன காலையில், அந்த வாசனை மண்டபத்துக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அப்பா எனக்காக அரைநாள் லீவு போட்டிருந்தார். “ஜெயிச்சா மாநிலத்துக்குப் போலாம்லா. இல்லாட்டி இதோட விட்டுரு, பலகைய கட்டிப் போட்டுருவேன்” என்றார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

எதிரே உட்கார்ந்தவள் ஜெராமிலிருந்து வந்த மலாய்ப் பெண். எனக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் ‘இத்தாலியன்’: ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாய் இரண்டு கட்டம், பிறகு குதிரை, பிறகு மந்திரி. நான் வைத்ததையே அவளும் வைத்துக்கொண்டு வந்தாள். என் கை போன இடத்துக்கெல்லாம் அவள் கையும் வந்தது. நடுவில் அவளுடைய குதிரை ஒன்று என்னிடம் மாட்டியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற அப்பாவுக்கு ஆட்டம் தெரியாது, காய்களை எண்ணத் தெரியும். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. இனித் தோற்றால் மன்னிப்பே கிடையாது. அவளுடைய ராணி என் ராஜாவை நெருங்கிக்கொண்டிருந்தது, கடிகாரத்தில் எனக்கு மூன்று நிமிடம்தான்.

அப்போது அவள் மெதுவாக, “செரி?” என்றாள்.

மலாயில் அதற்கு ஆட்டம் சமன் என்று பொருள். எங்கள் வீட்டுப் பேச்சில் வெறும் சரி. நானும் “செரி” என்று கையை நீட்டினேன். நடுவர் ஆளுக்கு அரைப் புள்ளி எழுதினார். மாநிலத்துக்குப் போக அந்த அரை அவளுக்குப் போதும், எனக்குப் போதாது.

“என்னடி, ஜெயிச்சியா, தோத்தியா?” என்று கேட்டார் அப்பா.

“ரெண்டும் இல்லப்பா. அவ செரியான்னு கேட்டா, சும்மா என்னமோ கேக்குறான்னு நெனச்சு செரின்னுட்டேன்.”

அப்பா விறுவிறுவென்று நடுவரிடம் போய், என் பிள்ளையை வார்த்தையில் ஏமாற்றிவிட்டாள் என்று தனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் கத்தினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவு மாறவில்லை. பலகையை அப்பா கட்டிப் போடவுமில்லை. அதன்பிறகு நான்தான் தொடவில்லை.

இன்று எங்கள் தோட்டத்து லய வீடுகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன; அப்பாவும் இல்லை. இருந்தவரை தீபாவளிக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்து, முடிவில் அந்தப் பெண்ணை ஒரு திட்டுத் திட்டாமல் விடமாட்டார். நானும் கூடச் சிரிப்பேன். பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே மலாய் படித்த எனக்கு அந்தச் சொல்லின் பொருள் அன்றைக்கே நன்றாகத் தெரியும் என்று சொல்ல, இனி அவர் இல்லை.