வாசலில் விட்ட செருப்பு

ஹனோவருக்கு வெளியே, எப்போதோ இடிந்துபோன துறவியர் மடமொன்றைப் பார்க்க மனைவி, மகளோடு போயிருந்தோம். மடத்துக் கோயிலுக்குக் கூரை இல்லை. உள்ளே புல் முளைத்திருந்தது. வாசல் வளைவில் நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். டிஜிட்டல் கமராவோடு நின்ற மனைவி சிரித்தாள்.

"வெளியில விடுங்கோவன், இஞ்ச ஆர் எடுக்கப்போறாங்கள்?"

ஈரப்புல் உள்ளங்காலில் குளிர்ந்தது. எங்கள் ஊர் மாதா கோயிலின் சீமெந்துத் தரையும் இப்படித்தான் குளிரும். ஷெல்லடியில் கூரை போன பிறகும் அப்பா எங்களைச் செருப்போடு உள்ளே விடமாட்டார். "கூரை போனால் கோயில் இல்லையெண்டோ?" என்பார். ஓட்டுத் துண்டுகள் காலில் குத்தும்.

ஒரு ஞாயிறு, பூசை நேரத்தில் பிளேன் வந்து குண்டு போட்டது. வெறுங்காலோடு ஓடினோம். மறுநாள் ஆட்கள் வந்து தங்கள் செருப்புகளைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். செத்தவர்களுடையவை மட்டும் வாசலிலேயே கிடந்தன. அம்மா அப்பாவுடையதைப் பொறுக்கி, சேலைத் தலைப்பால் தூசு துடைத்தாள். அதன் பிறகு கோயில் வாசலில் என்னிடம், "கையில வைச்சுக்கொள்" என்று மட்டும் சொல்வாள்.

திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்து மகளும் கழற்றிவிட்டு உள்ளே ஓடியிருந்தாள். அவளுடைய சிவப்புச் சப்பாத்து வாசலில் கிடந்தது.

ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன்.